எங்க லேஅவுட்டுக்கு யார் சாமி?

பெங்களூருக்கு மாற்றலாகி வந்து பதினாறு வருஷம் ஆகுது. நடுவுல மூணு பிராஞ்ச் மாறியும் ஊர் மாறல. வீட்டுக்கடன் செக்‌ஷன்லயே பாதிக் காலம் போனதால, இந்த ஊர் மண்ணைப் பத்தி எனக்கு ஓரளவு தெரியும்னு ஒரு நினைப்பு உண்டு. எங்கே சதுர அடி என்ன விலை, எது ஏ கத்தா, எது பி கத்தா, எந்த சர்வே நம்பர்ல வில்லங்கம், எந்த அபார்ட்மென்ட் ஏரிக்கரையை விழுங்கிக் கட்டினது... தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா போன மார்கழியில ஒரு ஜப்பான்காரர் கேட்ட ஒரே கேள்வியில நம்ம வண்டவாளம் வெளியே வந்துருச்சு.

அவர் எங்க பிராஞ்சுல கணக்கு வெச்சிருக்கறவர். (பேரு, கம்பெனி எல்லாம் கேக்காதீங்க. வாடிக்கையாளர் விஷயம், வேலைக்கே உலை வெச்சுரும்.) வீடு மாறி எங்க லேஅவுட் பக்கமே வந்துட்டார்னு விலாசம் மாத்த வந்திருந்தார். கேஒய்சி பேப்பர்ல கையெழுத்து எல்லாம் போட்டு முடிச்சுட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், என் மனைவி கேட்டுட்டு வரச் சொன்னாங்க. புதுசா குடி வந்திருக்கோம். இந்த இடத்தோட சாமிக்கு ஒரு வணக்கம் சொல்லணும். அந்தக் கோயில் எங்கே இருக்கு?"

நான் யோசிக்கவே இல்லை. எங்க லேஅவுட் பிள்ளையார் கோயிலைச் சொன்னேன். கிரானைட் தரை, நுழைவு வளைவு, செருப்பு வைக்க டோக்கன், எல்லாம் உண்டுன்னு பெருமையா வேற சொன்னேன்.

"அது இந்த வீடுகள் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததா?"

இல்லை. 2011-ல நாங்க வசூல் பண்ணிக் கட்டினது. ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிட்டு வீடு வீடா அலைஞ்சதே நான்தான்.

"அப்படின்னா அதுக்கு முன்னாடி இங்கே இருந்த சாமி?"

எனக்கு ஒரு இடம் ஞாபகம் வந்தது. ஆனா சொல்லல. ஏன் சொல்லலங்கறதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதிட்டு இருக்கேன். அப்போதைக்கு, "விசாரிச்சுச் சொல்றேன் சார்"னு வழக்கமான பேங்க் பதிலைச் சொல்லி அனுப்பிட்டேன்.

அவர் கேட்டது அவங்க ஊர் வழக்கம். ஷிண்டோ பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தச் சிவப்பு மரத்தோரண வாசல் படம்தான். தோரீன்னு பேரு. அப்புறம் அவர்கிட்ட கேட்டும், கொஞ்சம் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். ஜப்பான்ல சுமார் 80,000 ஷிண்டோ கோயில்கள் இருக்கு. அதுல பெரும்பாலானது நம்ம ஊர் ஐயனார் கோயில் மாதிரி சின்னது. ஒரு தோப்பு, ஒரு தோரீ, உள்ளே ஒரு மரக்கட்டடம். கருவறையில பல இடத்துல சிலையே கிடையாது. ஒரு கண்ணாடியோ கல்லோ துணியில மூடி இருக்கும், யாரும் பார்க்கறது இல்லை. பழைய மரத்தைச் சுத்தி வைக்கோல் கயிறு கட்டி வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டா அந்த மரம் தெய்வம் தங்குற இடம்னு அர்த்தம். கையையும் வாயையும் கழுவிட்டுப் போய், ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, மறுபடி ஒரு தடவை குனியணும். அவ்வளவுதான் பூஜை.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. உஜிகாமின்னு சொல்றாங்க. அந்த வார்த்தையோட ஆதி அர்த்தம் குலதெய்வம். காலப்போக்குல குலம்ங்கறது பின்னாடி போய், அந்த நிலத்துல யாரெல்லாம் குடியிருக்காங்களோ அவங்க எல்லாருக்கும் அதுதான் சாமின்னு ஆயிருச்சு. பிள்ளை பிறந்து ஒரு மாசம் ஆனா அங்கே தூக்கிட்டுப் போறாங்க. கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி அந்த மண்ணுக்கு ஒரு சமாதானப் பூஜை பண்றாங்க. கண்ணாடிக் கட்டடம் கட்டுற பெரிய கம்பெனிக்காரங்களும் பண்றாங்க. புது இடத்துக்குக் குடி போனா அந்த இடத்துச் சாமிகிட்ட போய், "இன்னார் வந்திருக்கோம்"னு சொல்லிட்டு வர்ற வழக்கமும் இருக்கு.

இந்த இடத்துலதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்மகிட்டயும் ரெண்டும் இருக்கு. குலதெய்வம்னு ஒண்ணு, எல்லைத் தெய்வம்னு ஒண்ணு. எங்க குலதெய்வம் விருதுநகர் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஐயனார். பங்குனி உத்திரம்னா எத்தனை லீவு கேன்சல் ஆனாலும் பஸ் ஏறிடுவேன். எங்க அப்பத்தா இருந்த வரைக்கும், வெளியூர்ப் பயணம்னா ஊர் எல்லை தாண்டுற இடத்துல காளி பீடத்துக்கிட்ட நின்னு, ஒரு காசு போட்டுட்டுத்தான் போகும். அது எங்க காளி இல்லை, வேற ஆளுங்க காளி. "யாரு காளியா இருந்தா என்ன, அவ எல்லையில நடக்கோம்ல?"ன்னு சொல்லும். அந்த எல்லைத் தெய்வக் கணக்கை நான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டோட முடிச்சுட்டேன். பதினாறு வருஷமா இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சுட்டு, இங்கே எல்லை யாரோடதுன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் மட்டும் இல்லைங்க. வந்தேறின நாம எல்லாரும் முதல்ல பண்றது நம்ம சாமியைக் கூட்டிட்டு வர்றதுதான். தமிழனுக்கு முருகன், மலையாளிக்கு ஐயப்பன், தெலுங்கருக்கு வெங்கடாசலபதி. தப்பே இல்லை. ஆனா ஏற்கெனவே அங்கே இருக்கற ஆளை ஒரு வார்த்தை கேட்டோமாங்கறதுதான் கேள்வி.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை அவரையும் அவர் மனைவியையும் அண்ணம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம், காந்திநகர் ஓரத்துல இருக்கு. பெங்களூரு நகரத்துக்கே கிராம தேவதை இந்த அம்மாதான். நகரத்துக்குக் கிராம தேவதையான்னு சிரிக்காதீங்க. ஊர் பெருசானாலும் அவ உத்தியோகம் மாறல. நெரிசல், எலுமிச்சம்பழ விளக்கு, வேப்பிலை வாசனை, வெளியே பஸ் ஹாரன் சத்தம். அங்கே அவ ஒத்தையா இல்லை. அக்கா தங்கச்சி ஏழு பேர். நம்ம ஊர் சப்த கன்னியர் கணக்குத்தான். சென்னை பிஷப்பா இருந்த ஹென்றி வைட்ஹெட், தென்னிந்திய கிராம தேவதைகளைப் பத்தி 1916-ல வெளியிட்ட புத்தகத்துல இந்த ஏழு பேரையும் பேர் போட்டு எழுதியிருக்கார். ஒவ்வொருத்திக்கும் ஒரு டிபார்ட்மென்ட். மாரம்மாவுக்குக் காலரா. கொக்கலம்மாவுக்கு இருமல் (கன்னடத்துல கொக்கலுன்னா இருமல்). உடலம்மாவுக்குத் தொண்டை வீக்கம். சுகஜம்மாவுக்கு அம்மையும் தட்டம்மையும். ஒரு சுகாதாரத்துறையே கல்லா உட்கார்ந்திருக்கு.

அந்த வரிசைக்கு அப்புறமா வந்து சேர்ந்தவ பிளேக் அம்மா. 1898 ஆகஸ்ட்ல பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பேட்டைப் பகுதியில நெருக்கிக் கட்டின வீடுகள்ல ஜனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, தப்பினவங்க ஊரைக் காலி பண்ணினாங்க. மல்லேஸ்வரம், பசவனகுடின்னு இன்னிக்கு நாம விலை கேட்டு மயங்குற இடங்கள் எல்லாம் அந்தப் பயத்துல காத்தோட்டமா கட்டினதுதான். அரசாங்கம் அகலமா தெரு போட்டுச்சு, ஜனங்க பிளேக் மாரியம்மாவுக்குக் கோயில் கட்டினாங்க. கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது புதுசா இருக்காது, அங்கேயும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. 2021-ல கொரோனா ரெண்டாவது அலையில அதே கோயமுத்தூர்ல, இருகூர் பக்கம் ஒரு மடத்துல கொரோனா தேவி சிலை வெச்சப்ப டிவிக்காரங்க எல்லாம் கேலி பண்ணினாங்க. நானும் வாட்ஸ்அப்ல ரெண்டு ஜோக்கு தள்ளிவிட்டேன். பிளேக் அம்மா கதை தெரிஞ்ச பிறகு அந்த ஜோக்கு இனிக்கல. தடுப்பூசி போட்டுக்கறவனும் பயப்படத்தானே செய்யறான்? அந்தப் பயத்துக்கு ஒரு முகம் வெச்சு, அதைத் தாயேன்னு கூப்பிடறதுல எனக்கு இப்ப பெருசா மூடத்தனம் தெரியல. ஊசிக்குப் பதிலா அதுன்னு சொன்னா மட்டும்தான் சண்டை.

சரி, அண்ணம்மாவுக்கு வர்றேன். ஜப்பான்காரரோட மனைவி சன்னிதியில ரெண்டு தடவை மெல்லக் கை தட்டினாங்க. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துட்டு, நம்ம ஊர் பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம் போடற மாதிரி ஏதோ வழக்கம் போலன்னு நினைச்சிருக்கணும், சிரிச்சுட்டு அவங்க கையில ரெண்டு வேப்பிலையைக் கொடுத்துச்சு. அந்தம்மா அதை மடிச்சுக் கைப்பையில பத்திரமா வெச்சுக்கிட்டாங்க.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், "இங்கே தண்ணி இருந்திருக்கணுமே?" எப்படித் தெரியும்னு கேட்டேன். எங்க ஊர்லயும் இந்த மாதிரி சாமி தண்ணி பக்கத்துலதான் இருக்கும்னார். நான் எதிரே பஸ் ஸ்டாண்டைக் காட்டினேன். அதுதான் தர்மாம்புதி ஏரி. பேட்டைக்கே தண்ணி கொடுத்த ஏரி. 1890-கள்ல ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணி வந்துச்சு, ஏரி யாருக்கும் தேவைப்படல, வத்திப் போச்சு. இன்னிக்கு அங்கே தண்ணி இல்லை, பஸ்தான் அலையடிக்குது. அம்மா மட்டும் கரையிலயே இருக்கா.

அப்பத்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். சொன்னதை நான் அப்புறம் படிச்சுச் சரிபார்த்துக்கிட்டேன், தொழில் புத்தி.

1906-ல ஜப்பான் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டுச்சு. தெருவுக்குத் தெரு சின்னச் சின்னக் கோயில் எதுக்கு, கிராமத்துக்கு ஒரு கோயில் போதும், மத்ததையெல்லாம் அதுல இணைச்சுரலாம்னு. எதை வெச்சுக்கறது, எதை மூடறதுன்னு முடிவு பண்ண ஒரு அளவுகோல் வேணுமே? கோயிலுக்கு இவ்வளவு மூலதனம் இருக்கணும்னு வெச்சாங்க. சில மாவட்டத்துல ஆயிரக்கணக்குல யென் கேட்டாங்க. எங்க பாஷையில சொன்னா, மினிமம் பேலன்ஸ் இல்லாத சாமிக்கெல்லாம் அக்கவுண்ட் குளோஸ். நாட்டுல இருந்த சுமார் ரெண்டு லட்சம் கோயில்கள்ல ஒரு எழுபதாயிரம் பத்து வருஷத்துக்குள்ள காணாமப் போச்சு. மியே, வகயாமான்னு ரெண்டு மாவட்டத்துலதான் அடி பலமா விழுந்துச்சு. கோயில் போனா தோப்புக்குக் காவல் ஏது? நூத்துக்கணக்கான வருஷத்து மரங்களை வெட்டி வித்தாங்க.

இதை எதிர்த்து வருஷக்கணக்கா கத்தினவர் மினகாதா குமாகுசுன்னு வகயாமாக்காரர் ஒருத்தர். சாமியார் இல்லை, இயற்கை விஞ்ஞானி. லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல உட்கார்ந்து படிச்சவர், ஈர மரத்துல படர்ற நுண்ணுயிரிகளை ஆராய்ச்சி பண்ணினவர். 1910-ல ஒரு கூட்டத்துக்குள்ள புகுந்து ரகளை பண்ணி ஜெயிலுக்கே போயிருக்கார். அவர் வாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தோப்பு போனா பூச்சி போகும், பறவை போகும், விளைச்சல் கெடும். சாமி தூரத்துக்குப் போயிட்டா கிழவன் கிழவியும் குழந்தையும் அங்கே போக மாட்டாங்க, அப்புறம் ஊர்னு ஒண்ணு இருக்காதுன்னார். 1920-ல மேல்சபையே இந்த இணைப்பு வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு. அதுக்குள்ள போனது போச்சு. ஜப்பான்காரரோட பாட்டனார் ஊர்ச் சாமியும் அப்படி மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலுக்குப் போனதுதானாம். "சாமி அங்கே இருக்குன்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்க தாத்தா மட்டும் கடைசி வரைக்கும் பழைய இடத்துலதான் போய்க் கை தட்டினார்"னார்.

எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் நான் அதே மாதிரி ஒரு இணைப்புல கையெழுத்துப் போட்டிருந்தேன்.

எங்க லேஅவுட்ல கடைசித் தெரு முனையில, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரு வேப்பமரம். அடியில மூணு கல்லு. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, கூரை கூட இல்லாம இருக்கும். மாரம்மா. லேஅவுட் வர்றதுக்கு முன்னாடி இங்கே ராகி வயலும் குண்டுத் தோப்பும் இருந்தப்ப அவதான் ஊர்ச்சாமி. நிலத்தை வித்துட்டுப் போன குடும்பங்கள் யுகாதி கழிஞ்சு ஒரு நாள் டெம்போ பிடிச்சு வருவாங்க. தம்பிட்டு ஆரத்தி எடுப்பாங்க (நம்ம மாவிளக்குதான், அரிசி மாவும் வெல்லமும்). தமட்டை அடிப்பாங்க. முன்னெல்லாம் கோழி அறுப்பாங்க. கர்நாடகத்துல உயிர்ப்பலித் தடைச் சட்டம் 1959-லேர்ந்தே இருக்கு. தமிழ்நாட்டுல 2003-ல ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி அமல்படுத்தப் போய், கிடா வெட்டுற ஜனங்க கொதிச்சுப் போய், அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினது ஞாபகம் இருக்கும். இங்கே அந்த மாதிரி எதுவும் நடக்கல. நம்ம அசோசியேஷன் ஆளுங்களே போன் போட்டுப் போலீஸைக் கூப்பிட்டாங்க, அவங்க கோழியை வீட்டுலயே அறுத்துட்டு குழம்பா கொண்டு வர ஆரம்பிச்சுட்டாங்க.

அசோசியேஷன்ல தீர்மானம் என்னன்னா, மூணு கல்லையும் பிள்ளையார் கோயில் வளாகத்துக்குள்ள ஒரு சின்னச் சன்னிதிக்கு மாத்தறது. கிரானைட், டைல்ஸ், தினப்படி பூஜைக்கு ஐயர். மரத்தை வெட்டிட்டு அந்த இடத்துல விருந்தாளிகள் வண்டி நிறுத்த இடம். மதிப்பீடு மூணு லட்சத்து நாப்பதாயிரம். யாரும் சாமியை அவமானப்படுத்தறதா நினைக்கல, "நல்லா வெச்சுக்கப் போறோம்"னுதான் பேசினாங்க. நான் பொருளாளர். மூணு கொட்டேஷன் வாங்கினோமான்னு பார்த்தேன், ஜிஎஸ்டி போட்டிருக்கான்னு பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். மண்டையில வேற எதுவுமே தோணல. ஜப்பான்காரர் கேட்டப்ப அந்த மூணு கல்லை நான் காட்டாததுக்கு இதுதான் காரணம். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த ஆளை விருந்தாளிக்கு எப்படி அறிமுகப்படுத்தறது?

இதுல எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி நேர்மை இல்லை. இந்த ஊர்ல சாமியை வெச்சு நிலம் பிடிக்கறது ஒரு தொழில். ராத்திரியோட ராத்திரியா ஒரு சூலம் நட்டு, காலையில குங்குமம் வெச்சு, ஒரு மாசத்துல தகரக் கூரை, ஒரு வருஷத்துல உண்டியல், மூணாவது வருஷம் பக்கத்துல ரெண்டு கடை வாடகைக்கு. லோன் கேட்டு வர்ற சொத்துக்களைப் பார்க்கப் போனப்ப நானே இதைப் பல தடவை பார்த்திருக்கேன். நடைபாதையில நடக்க முடியாம நடு ரோட்டுல நடந்து அடிபடறவங்க எத்தனை பேர். 2009 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், பொது இடத்துல அனுமதி இல்லாம இனிமே எந்த மதத்துக் கட்டடமும் வரக்கூடாதுன்னு சொன்னது சரியான உத்தரவுதான், நான் முழுசா ஒத்துக்கறேன்.

ஆனா பழசு விஷயத்துல அதே கோர்ட் ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பார்த்து முடிவு பண்ணச் சொல்லுச்சு. அதுதான் நடக்கறதில்லை. 2021 செப்டம்பர்ல நஞ்சன்கூடு பக்கம் ஹுச்சகணியில மகாதேவம்மா கோயிலை ஜேசிபி வெச்சு இடிச்சாங்க. ஊர் பொங்கிச்சு. அதே மாசம் கர்நாடக அரசு அவசர அவசரமா மதக் கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சட்டமே கொண்டு வந்துச்சு. முதல்ல எல்லாத்தையும் இடி, அப்புறம் எல்லாத்தையும் காப்பாத்து! ரோட்டுக்கு முன்னாடி வந்த சாமி எது, ரோட்டுக்குப் பின்னாடி வந்த சாமி எதுன்னு பிரிச்சுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

பிரிக்கறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லைங்க. வீட்டுக்கடன் ஃபைல்ல நாங்க தினம் பண்ற வேலைதான். பழைய கிராம வரைபடத்தை எடுத்தா தோப்பு எங்கே, ஏரி எங்கே, வண்டிப்பாதை எங்கே எல்லாம் இருக்கும். சர்வே புத்தகத்துல பி கராபுன்னு போட்டிருந்தா அது பொதுக் காரியத்துக்கு ஒதுக்கின நிலம், யாரும் விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது. நான் அப்புறமாத்தான் எங்க லேஅவுட் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். பதினாறு வருஷமா ஊரான் ஃபைலெல்லாம் பார்த்தவன் சொந்த ஃபைலை அன்னிக்குத்தான் ஒழுங்கா பார்த்தேன். அந்த வேப்பமரம் இருக்கற மூலை பி கராபு. அதாவது மாரம்மா நம்ம இடத்துல இல்லை. நாமதான் அவ இடத்துல காரை நிறுத்தப் போறோம்.

இதைச் சொன்னா ஒரு நண்பர், "அப்ப வெளியூர்ச் சாமிக்கு இங்கே இடமே இல்லையா, உங்க முருகனும் வரக்கூடாதா?"ன்னு மடக்கினார். அதுக்குப் பதில் திகளர்பேட்டையில இருக்கு. தர்மராய சுவாமி கோயில், கரகத் திருவிழா. நடத்தறவங்க திகளர்கள், காலங்காலமாப் பூவும் காய்கறியும் விளைவிச்ச தோட்டக்காரங்க. அவங்க முன்னோர்கள் தமிழ்ப் பக்கத்துலேர்ந்து வந்தவங்கன்னுதான் பொதுவா சொல்றாங்க. செஞ்சிப் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் இருக்கற திரௌபதி அம்மன்தான் இங்கேயும் தெய்வம். சித்ரா பௌர்ணமி ராத்திரி, பூசாரி சேலை கட்டி, வளையல் போட்டு, தலையில மல்லிகைப்பூக் கரகத்தோட கிளம்புவார். கையால தொடாம நடக்கணும். சுத்தி வீரகுமாரர்கள் உருவின கத்தியோட கூடவே ஓடுவாங்க. ஒரு தடவை பார்த்திருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அவென்யூ ரோடு மல்லிகை வாசனையில மிதந்துச்சு, எங்க ஊர்க் கரகாட்டம் மாதிரி இருக்கும்னு போனவன் வாயடைச்சுப் போய் நின்னேன்.

அந்தக் கரகம் விடிய விடியப் பேட்டையைச் சுத்தி வருது. வழியில இருக்கற கோயில்களுக்குப் போகுது. காட்டன்பேட்டையில தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகுது. 2022-ல தர்காவுக்குப் போகக்கூடாதுன்னு சிலர் கிளப்பினப்ப, கோயில்காரங்க அசைஞ்சு கொடுக்கல, வழக்கப்படியே போச்சு. வெளியிலேர்ந்து வந்த ஒரு சாமி எப்படி ஒரு நகரத்துக்கே சாமியாச்சுன்னு எனக்கு இதுலதான் பிடிபட்டுது. வருஷா வருஷம் ஒவ்வொருத்தர் வாசலுக்கும் போய் நின்னு மரியாதை பண்ணிட்டு வருது. திருவிழாச் சடங்குகளுக்கு சம்பங்கி ஏரி வேணும். ஏரி போய் கண்டீரவா ஸ்டேடியம் வந்துருச்சு. ஆனா ஒரு ஓரத்துல சின்னக் குளமா கொஞ்சம் தண்ணியை விட்டு வெச்சிருக்காங்க. ஸ்டேடியமும் இருக்கு, குளமும் இருக்கு. எங்க லேஅவுட்ல பார்க்கிங்கும் வேணும், மரமும் இருக்கட்டும்னு ஏன் யாருக்கும் தோணலன்னு நினைச்சா எனக்கே என் மேல எரிச்சலா வருது.

கல்லை எடுத்துட்டுப் போய் டைல்ஸ் மேல வெச்சா மாரம்மா வந்துருவாளா? எனக்கென்னமோ வர மாட்டான்னு தோணுது. பேங்க்காரனுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர். கலெக்டருக்கும் ட்ரான்ஸ்ஃபர். எல்லைக் காவல் உத்தியோகத்துக்கு மட்டும் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் கிடையாது. அங்கே போனா அவ பிள்ளையார் கோயில்ல ஒரு ஓரச் சன்னிதி, அவ்வளவுதான். டெம்போவுல வர்ற ஜனங்களும் வாட்ச்மேன்கிட்ட பேர் எழுதிட்டு, குழம்புச் சட்டியை வெளியே வெச்சுட்டு, செருப்பு டோக்கன் வாங்கிட்டு உள்ளே வரணும். ரெண்டு வருஷம் வருவாங்க. அப்புறம் வர மாட்டாங்க.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை அவங்க ரெண்டு பேரையும் அந்த மரத்தடிக்கே கூட்டிட்டுப் போனேன். நிலம் வித்த குடும்பத்துல ஒரு வயசான அம்மா வாராவாரம் வந்து கூட்டிக் கோலம் போடறது அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எங்களைப் பார்த்துட்டு, "யாவ ஊரப்பா?"ன்னாங்க. விருதுநகர்னேன், புரியல, தமிழ்நாடுன்னேன். "நிம்ம மனெ தேவ்ரு யாரு?"ன்னு அடுத்த கேள்வி. நம்ம குலதெய்வத்தைத்தான் இங்கே வீட்டுத் தெய்வம்ங்கறாங்க. ஐயனார்னு சொன்னதும், ஏதோ சொந்தக்காரங்க பேரைக் கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கிட்டாங்க. ஜப்பான்காரர் ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, அவங்க பாஷையில மெல்ல ஏதோ சொன்னார். என்ன சொன்னீங்கன்னு அப்புறம் கேட்டேன். பேரு, ஃபிளாட் நம்பர், எத்தனை வருஷம் இருக்கப் போறோம்ங்கறது, அவ்வளவுதானாம்.

நானும் என் ஃபிளாட் நம்பரைச் சொன்னேன். தீர்மானத்தைப் பத்தி வாயைத் திறக்க தைரியம் வரல.

வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. கல்லும் மரமும் இருக்கற இடத்துலயே இருக்கட்டும், அந்த மூலையை கிராம வரைபடப்படி அளந்து லேஅவுட் பிளான்ல குறிக்கணும், திருவிழா அன்னிக்குப் பின்பக்க கேட்டைத் திறந்து விடணும்னு மூணு வரியில ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கேன். சர்வே நகலையும் சேர்த்து வெச்சிருக்கேன். பதினோரு பேர்ல இப்போதைக்கு என் பக்கம் நாலு பேர். ரெண்டாவது மாடி ரெட்டிகாரு இன்னும் எந்தப் பக்கமும் சொல்லல; அவருக்கு ரெண்டு கார்.